திண்டிவனத்து இரவும் நம் ஆதரவு மடல்களும்

கோடை விடுமுறை நெருங்குங்கால் நம் சபைகளுக்கு ஒருவகை மடல்கள் வரத் தொடங்குகின்றன. கல்லூரி மாணவரோ வாலிபர் சங்கத்தாரோ பத்து நாட்கள், அல்லது ஒரு மாத காலம், விழுப்புரம், திண்டிவனம் போன்ற பகுதிகளின் சிற்றூர்களுக்கு நற்செய்திப் பணிக்குச் செல்லவிருப்பதாகவும், அவர்களை ஜெபத்தாலும் பொருளாலும் தாங்க வேண்டுமென்றும் அம்மடல்கள் கேட்டுக்கொள்கின்றன. வாலிபர் புறப்படுவது நன்று. அவரைத் தாங்குவது சபையின் கடமை. எனினும் இம்மடல்களிலும், இவற்றுக்கு முன்னோடியாக நடைபெறும் மிஷனெரி ஞாயிறு அருளுரைகளிலும், அடிக்கடி எடுத்தாளப்படும் வரலாறு ஒன்று உண்டு. திண்டிவனத்தில் ஓர் இரவில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெற்ற அழைப்பே அது. அவ்வழைப்பின் மெய்ம்மையை ஐயுறுதல் நம் கருத்தன்று. அது நம்மிடையே சொல்லப்படும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றை முதலில் நினைவுகூர்வோம். ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் மூத்த ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவினின்று புறப்பட்டு, இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவ மிஷனெரி. தந்தையாரும் ஆர்க்காட்டு மிஷனைச் சார்ந்த மருத்துவரே. அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்ற ஐடா, 1890-இல், நோயுற்றிருந்த தாயாருக்கு உதவும்பொருட்டுத் திண்டிவனம் வந்தார். மிஷனெரியாக நிலைத்திருக்க அவர் வரவில்லை. சிறிது காலம் தங்கித் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். இக்காலச் சொல்லில் கூறின், அவர் ஒரு குறுங்காலப் பயணி. அங்கு ஓர் இரவில் பிராமணர் ஒருவரும், இஸ்லாமியர் ஒருவரும், மற்றோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புற்ற தம் மனைவியருக்கு உதவுமாறு வேண்டினர். ஐடா மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையாரை அழைத்துச்செல்லவோ மூவரும் இசையவில்லை. பொழுது விடிந்தபின் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. தாமே மருத்துவராவது என்று ஐடா முடிவு செய்தார்.

நம் மடல்களில் வரலாறு இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த பத்தியிலேயே பயணத் தேதியும் தேவைப்படும் தொகையும் வந்துவிடுகின்றன. டாரதி கிளார்க் வில்சன் எழுதி 1959-இல் வெளிவந்த ‘டாக்டர் ஐடா’ என்னும் நூல் அம்மையாரின் நெடிய வாழ்வைக் கூறுவது. அதிலிருந்து நம் பிரசங்கமேடைகள் எடுத்துக்கொண்டதோ பெரும்பாலும் ஓர் இரவை மட்டுமே. இதுவே நம் முதற்குறை.

அவ்விரவுக்குப்பின் நடந்தது யாது? ஐடா 1895-இல் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்கத் தொடங்கியதும் நியூயார்க் சென்று, 1899-இல் பட்டம் பெற்றார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். சில மாதங்களில் தந்தையாரும் மறையவே, துணையின்றித் தொழிலைத் தொடர வேண்டியதாயிற்று. திண்டிவனத்து மூவரும் அவரிடம் கேட்டது இரக்கத்தை அன்று, தொழிலறிவை. இரக்கம் அவரிடம் அன்றிரவே இருந்தது. அது ஒருவரையும் பிழைப்பிக்கவில்லை. மறுநாட்காலையே மருந்துப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் அடுத்த தெருவுக்குச் சென்றிருப்பின், நான்காவது பெண்ணும் இறந்திருக்கக்கூடும். ஆகவே, இவ்வரலாற்றை உடனே புறப்படுவதற்குச் சான்றாகக் காட்டுவது அதன் பொருளுக்கு மாறானது. புறப்படுமுன் தாமதிக்கவும் கற்கவும் துணிந்த ஒருவரின் வரலாறு அது.

பத்து நாள் பயணத்திற்குப் பல்லாண்டுப் படிப்பு வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். வேண்டியதில்லை. ஆனால் பத்து நாளில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்னும் தெளிவு வேண்டும். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது, அவர்கள் ஒரே வீட்டில் தங்கவும், முன்வைக்கப்படுவதை உண்ணவும் கட்டளையிடுகிறார். ஊராருக்கு உணவளிப்போராக அன்று, ஊரார் அளிக்கும் உணவை உண்போராக அவர்கள் செல்கின்றனர். குறுங்காலப் பயணியின் முதல் ஆயத்தம் நல்ல விருந்தினராக இருக்கக் கற்றலே.

இரண்டாம் குறை, ‘அங்கு ஒருவரும் இல்லை’ என்னும் கூற்று. திண்டிவனக் கதையைக் கேட்போர், அந்நாளில் இந்தியப் பெண்களுக்கு மருத்துவம் செய்வார் எவருமே இலர் என்றே எண்ணுவர். உண்மை வேறு. கிளாரா ஸ்வைன் அம்மையார் 1870-இலேயே பரேலியில் பணி தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்தது. அங்குப் பயின்ற மேரி ஷார்லிப் அம்மையாரின் முயற்சியால் 1885-இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை எழுந்தது. இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. ஐடா பின்னாளில் சேர்ந்த அதே பிலடெல்பியாக் கல்லூரியில் ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் பெற்றிருந்தார். இவற்றால் திண்டிவனத்து மூவரின் துன்பம் குறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சென்னை அவ்விரவில் அவர்களுக்கு எட்டாத ஊரே. ஆயினும் தேவை பெரிது என்பதும், தேவையை நிறைவாக்க வேறெவரும் முயலவில்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவது உண்மை, இரண்டாவது, கேட்போர் நெஞ்சை உருக்குவதற்காக உண்மையைச் சுருக்குவது.

இன்றைய மடல்களிலும் இதே சுருக்கம் நிகழ்கிறது. விழுப்புரம் பகுதி இருளடைந்தது, ஒருவரும் எட்டாதது என எழுதப்படுகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. செஞ்சிப் பகுதியில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நற்செய்தியை ஏற்ற, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களான கிறிஸ்தவர்களின் சபைகள் இப்பகுதிகளில் உள. இச்சபையார் பலர் நிலத்திலும் செங்கல் சூளையிலும் உழைத்து, மாலையில் ஆலயத்திற்கு வருவோர். சென்னையிலிருந்து வரும் வாலிபர் அவர்கள் ஊரை இருண்ட ஊர் என்று எழுதிப் பணம் திரட்டினாரென அறிந்தால், அவர்கள் உள்ளம் என்ன பாடுபடும்? மடலை எழுதுவோர் அதனை அவ்வூர்ச் சபையாரின் முன் உரக்கப் படிக்கத் துணிவாராயின், அம்மடல் பெரும்பாலும் பழுதற்றதாக இருக்கும்.

மூன்றாவதாகக் கருதற்பாலது ஆதரவு கேட்கும் முறை. இங்கும் ஐடா அம்மையாரின் வரலாற்றில் நாம் சொல்லாமல் விடும் பகுதியே பயன் தருவது. பட்டம் பெற்று இந்தியா திரும்புமுன், வேலூரில் பெண்கள் மருத்துவமனை ஒன்றுக்காக 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஷெல் என்னும் முதியவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் ஈந்தார். அத்தொகையால் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902-இல் வேலூரில் திறக்கப்பட்டது. ஐடா தம் கப்பற் பயணத்திற்காகக் கை நீட்டவில்லை. தாம் போனபின்னும் அவ்வூரில் நிற்கக்கூடிய ஒன்றுக்காகக் கேட்டார்.

பவுலடியாரும் இவ்வாறே. ரோமர் 15:24-இல் ஸ்பானியா நாட்டுப் பயணத்திற்கு ரோமாபுரிச் சபையாரின் துணையை அவர் நாடுகிறார். அங்கு வரும் ‘புரொபெம்போ’ என்னும் கிரேக்கச் சொல், பயணிக்கு வேண்டியவற்றைக் கொடுத்து வழியனுப்புதலைக் குறிப்பது. 3 யோவான் 6-இலும் அதுவே வருகிறது. ஆகவே பயண உதவி கேட்பது இழிவன்று. ஆனால் அதனைக் கேட்கும் அதே வேளையில், எருசலேமிலுள்ள ஏழைகளுக்கான காணிக்கையைச் சேர்ப்பிக்கச் செல்வதாகவும் அப்போஸ்தலர் எழுதுகிறார். அக்காணிக்கையின் கணக்கில் ஒருவரும் குறைகாணாதபடி உடன்பணியாளரைச் சேர்த்துக்கொண்டதை 2 கொரிந்தியர் 8:20-21 காட்டும். நம் மடல்களில் பேருந்துக் கட்டணமும், உணவும், ஒலிபெருக்கி வாடகையும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. அவ்வூர்ச் சபைக்கு மிஞ்சப்போவது யாது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

கொடுப்போர் பக்கமும் ஒன்றுண்டு. 1903-இல் தோன்றிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், இந்தியரின் பணத்தாலும் இந்தியரின் நிர்வாகத்தாலுமே பணி நடைபெற வேண்டுமென உறுதி பூண்டது. நம் தாய்மார் உலையில் இடுமுன் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியும் இத்தகைய பணியைத் தாங்கிவந்துள்ளது. அவ்வரிசியைக் கொடுத்தவர் தாம் எதற்குக் கொடுத்தார் என அறிய உரிமையுடையவர். அச்சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான அசரியா, தோர்ணக்கல் சென்று தெலுங்கைக் கற்றுப் பணியாற்றினார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் மேலைநாட்டாரிடம் வேண்டியது, தியாகத்தோடும் கொடையோடும் நட்பையும் தர வேண்டுமென்பதே. அன்று மேலைநாட்டாரிடம் கேட்கப்பட்டது, இன்று நகரத்துச் சபையாராகிய நம்மிடம் கேட்கப்படுகிறது.

இறுதியாக, அம்மூன்று பெண்கள். நாம் கேட்டுவரும் கதையில் அவர்களுக்குப் பெயரில்லை. அவர்கள் மற்றொருவரின் அழைப்புக்குக் காரணமாகி மறைந்துவிடுகின்றனர். ஐடாவின் பிற்காலப் பணி இதற்கு ஒருவாறு ஈடு செய்தது எனலாம். 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வேலூரில் தொடங்கின. 1940-களின் இறுதியில் அந்நிறுவனத்தின் தலைமை ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியிடம் வந்தது. உதவி பெறுவோராக எண்ணப்பட்டவர்கள் உதவி செய்வோராயினர். நம் பயண அறிக்கைகளோ பெயரற்ற முகங்களின் நிழற்படங்களாலும், கை உயர்த்தியோரின் எண்ணிக்கையாலும் நிரம்புகின்றன. எழுபது பேரும் தம் வெற்றியைக் கூறி மகிழ்ந்து திரும்பியபோது, ஆண்டவர் அம்மகிழ்ச்சியை வேறிடத்திற்குத் திருப்பினார் என்பதை லூக்கா 10:20-இல் காண்கிறோம்.

எனவே இனி வரும் மடல்களைக் கைக்கொள்ளும் ஆயர்களும் சபை மூப்பர்களும் சில கேள்விகளைக் கேட்பது நலம். உங்களை அழைத்தவர் யார்? அவ்வூரைப்பற்றி நீங்கள் கற்றது என்ன? அங்குள்ள ஊழியரின் எந்த வேலையில் தோள்கொடுக்கப் போகிறீர்கள்? செலவில் எப்பங்கு அவ்வூரில் தங்கும்? திரும்பியபின் அவர்களோடு உங்கள் உறவு எத்தனை ஆண்டு நீடிக்கும்? இவற்றுக்கு விடையளிக்கும் வாலிபரைத் தயக்கமின்றித் தாங்குவோமாக. விடையளிக்க இயலாதவரைக் கடிந்து தள்ளாமல், ஓராண்டு பொறுத்து, கற்று, மீண்டும் வந்து கேட்குமாறு அன்புடன் சொல்லுவோமாக. திண்டிவனத்தில் அழைப்பைப் பெற்றவரும் அவ்வாறே காத்திருந்து கற்றபின்தான் வேலூர் வந்து சேர்ந்தார்.