பாதத்துக்கு ஓர் உபசாரம்

மலையேற்றம் என்றவுடன் சிகரத்தையும் மேகத்தையும் வர்ணிக்கப் புறப்படுகிற நாம், அவ்வளவு உயரத்துக்கு நம்மைச் சுமந்து செல்லும் பாதங்களையும், அவற்றை ஓசையின்றி ரக்ஷிக்கும் காலுறைகளையும் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. புனேயை அடுத்த சிம்மகட் கோட்டையின் அடிவாரத்தில், ஆத்கர்வாடியில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சற்று நின்று பாருங்கள்: பழகிய மலையேறி ஒருவர் கம்பளிக் காலுறையின் தையல் விரலை உறுத்தாதபடி இழுத்துவிட்டு, குதிகாலில் ஒரு சுருக்கமும் இராமல் உள்ளங்கையால் நீவி, ஜோட்டின் நாடாவைக் கணுக்காலருகே இறுக்கியும் விரல்களின் பக்கம் தளர்த்தியும் கட்டுகிற நிதானத்தில் பூஜைக்கு உட்காருகிறவரின் சிரத்தை தென்படும்.

பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடந்து கொப்புளம் எழுப்புகையில், கம்பளியோ நனைந்த பின்னும் கதகதப்பை விடாது. மழைக்காலத்தில் நனைந்த சஹ்யாத்திரிக் கரும்பாறையின்மீது, ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் கொண்ட மிருதுவான ரப்பர் அடி ‘கிறீச்’சென்று பற்றி நிற்கும் ஓசை, ஏறுகிறவன் செவிக்கு எந்த சங்கீதத்துக்கும் குறைந்ததல்ல, விலையுயர்ந்த பூட்ஸுகளும் அடி கெட்டியாக இருந்தால் அவ்விடத்தில் வழுக்கத்தான் செய்கின்றன. (கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.) ஆகையால் ஜோடு வாங்கப் போகிறவர்கள், அடியின் மென்மையைப் பார்ப்பதோடு, பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், மலைக்கு அணியும் அதே காலுறையுடன் சென்று, விரல்களுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இறங்கும்போது நகம் இடிக்காது.