காதால் பார்த்த ஆச்சி

நடிகை மனோரமாவின் முகத்தை நான் பார்ப்பதற்கு மூன்று வருஷம் முந்தியே அவர் குரலுக்கு அடிமையாகிவிட்டேன். காரணம் இருக்கன்குடி கோயில் கொடைக்கு வந்த ரேடியோ செட்டுக்காரர்.

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் எங்கள் மாரியம்மன் இருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஊர் நிரம்பிவிடும். மஞ்சச் சேலைக் கூட்டம் நடந்தே வரும். அக்கினிச்சட்டி, முடியிறக்கம், ஆத்து மணலில் மூணு கல்லைக் கூட்டிப் பொங்கல். இத்தனைக்கும் மேலே, வேப்பமரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டே இருக்கும். அம்மன் பாட்டு ஓய்ந்ததும் செட்டுக்காரர் கதைவசன இசைத்தட்டைப் போடுவார். ‘திருவிளையாடல்’ போடுவார், ‘சரஸ்வதி சபதம்’ போடுவார். அந்த வருஷம் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டார்.

நாங்கள் அப்போது தீப்பெட்டி ஒட்டுகிற வீடு. மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை நடுவில் இருக்கும். அம்மா, அத்தை, நான், தங்கச்சி என்று சுற்றி உட்கார்ந்து அடிப்பெட்டி ஒட்டுவோம். நூத்தி நாப்பத்து நாலு பெட்டி ஒரு குரோஸ். கை அதுபாட்டுக்கு ஓடும், காதுக்கு வேலை கிடையாது. அந்தச் சும்மா கிடந்த காதுக்குள்தான் மனோரமா வந்து உட்கார்ந்தார்.

சிவாஜி பேசினார், பத்மினி பேசினார், நாகேஷ் பேசினார். எல்லாரும் சினிமாவில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். திடீரென்று ஒரு பொம்பளை, ‘நெசமாத்தான் சொல்றீகளா?’ என்று கேட்டாள். அத்தை கையில் பசையோடு நிமிர்ந்து, “ஏளா, இது நம்ம ஊர்க்காரிடீ!” என்றாள்.

அந்த ‘றீக’வைக் கவனியுங்கள். சென்னையில் ‘சொல்றீங்க’, கோவையில் ‘சொல்றீங்’. அந்த ‘றீக’ எங்கள் பக்கத்துப் பேச்சு. நாங்கள் பேசினால் டவுன்காரர்கள் சிரிக்கிற பேச்சு அது. அதை ஒருத்தி சிவாஜியிடமே பேசுகிறாள், ஊரே கேட்கிற குழாயில்! அவள் பேரு ஜில் ஜில் ரமாமணி என்று அப்புறம் தெரிந்தது. சிவாஜியின் நாயனத்தைக் கேட்டு மயங்கி, அந்தச் சத்தம் உங்க நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று அவள் கேட்கிற இடத்தில் எங்கள் திண்ணையில் ஒரு குரோஸ் பெட்டி அப்படியே நின்றுபோனது. அன்றைக்குக் கூலி குறைந்ததற்கு மனோரமாதான் பொறுப்பு.

படத்தைப் பார்க்கக் கிடைத்தது மூன்று வருஷம் கழித்து, கோயில் பொட்டலில் வேட்டித் திரை கட்டிப் போட்டபோது. சிரிக்கத்தான் போனேன். ரமாமணி வந்ததும் அழுதுவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். வள்ளியும் முருகனும் வருமுன் பபூனும் டான்ஸ்காரியும் வந்து ரெண்டு மணி நேரம் ஊரைச் சிரிக்க வைப்பார்கள். ஒரு வருஷம் நாடகம் முடிந்த விடியற்காலையில் ஆத்து மணலில் தண்ணி எடுக்கப் போனேன். அந்த டான்ஸ்காரி ஊத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவி முகப்பவுடரை வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தகரப்பெட்டி. அரை முகம் ரோஸ், அரை முகம் எங்கள் அத்தை நிறம். “பாப்பா, ஒரு செம்புத் தண்ணி மோந்து ஊத்துத்தா” என்றாள். ஊற்றினேன். வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஒன்று விழுந்தது. அவளுக்கிட்ட எதுக்குப் போன என்று. ராத்திரி முழுக்க அவளைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த அதே வீட்டுப் பெரியவர்கள்தான்.

படத்தில் நாடகக்காரியாக வரும் ரமாமணி அந்தப் பொம்பளைதான். அதே கொண்டை, அதே மினுக்கு, ஆள் சேர்க்கிற அதே உரத்த சிரிப்பு. கூடவே ஒரு பணிவு. பெரிய வித்வான் தன்னை மனுஷியாக மதிக்கிறார் என்று தெரிந்ததும் குரல் ஒரு நொடி உடைந்து, உடனே மறுபடி கலகலப்பாகிறது. அந்த ஒரு நொடியை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கிருந்து வந்தது அது? மனோரமாவே நாடகக்காரிதானே. பிறந்தது 1937இல் மன்னார்குடியில், பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட, அம்மா கைக்குழந்தையோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து வீட்டுவேலை செய்தும் பலகாரம் விற்றும் வளர்த்தார். பாவாடை வயதிலேயே பாட்டும் மேடையும். ‘மனோரமா’ என்கிற பேரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு. செட்டிநாட்டில் வளர்ந்ததால், அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கிற ‘ஆச்சி’ ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. எனக்கு இரண்டு அர்த்தமும் சம்மதம்.

சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். 1958இல் அவர் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’. சிரிப்பு வேஷம் என்றதும் இந்தப் பெண் தயங்கியிருக்கிறார். கதாநாயகி என்றால் சில வருஷம்தான், நகைச்சுவை என்றால் ரொம்ப நாள் நிற்கலாம் என்று கவிஞர் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்ததாக ஆச்சியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் நிலைத்தது சிரிப்பு வேஷம்தான். நல்லவேளை என்பேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் யாரைப் பார்த்தாலும் சொல்லுகிற விஷயத்துக்கு வருகிறேன். ரமாமணி வந்த அதே 1968இல்தான் ‘பொம்மலாட்டம்’ வந்தது. அதில் ஆச்சி சென்னைச் சேரிப் பாஷை பேசி, வி.குமார் இசையில் ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டைச் சொந்தக் குரலில் பாடினார். பக்கத்தில் சோ, ஜாம்பஜார் ஜக்குவாக. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்று சத்தியம் செய்வீர்கள். ஒரே வருஷத்தில் ஒரே தொண்டைக்குள் வைப்பாற்றங்கரையும் கூவத்தங்கரையும்! என் மருமகன் சென்னைக்காரர். மனோரமா எங்க ஊர் அம்மா என்று இன்றைக்கும் வாதம் செய்வார். கோவையில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி வீட்டில் கேட்டால், கொங்குக்காரி என்பார்கள். யாரும் பள்ளத்தூர் என்று சொல்வதில்லை.

வெள்ளைக்காரர்கள் மார்கரெட் ரூதர்ஃபோர்டு என்று ஒரு சிரிப்பு நடிகையைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1963இல் வந்த ‘தி விஐபிஸ்’ படத்துக்கு அந்தம்மாவுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. என் பேரன் போனில் போட்டுக் காட்டினான். அருமையான அம்மாதான், அந்தத் தாடை ஆட்டத்துக்கே காசு கொடுக்கலாம். ஆனால் எந்தப் படத்தில் வந்தாலும் அந்த அம்மாவை அந்த அம்மாவாகவே பார்க்கிறோம். எங்கள் ஆச்சி வந்தால் வேலைக்காரி வருவாள், பூக்காரி வருவாள், பண்ணை வீட்டு அம்மா வருவாள். ஆச்சி வந்தது படம் முடிந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மா, கிஷ்முவிடம் வாயாடுகிற காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பி.வாசுவின் ‘நடிகன்’ (1990) பார்த்திருக்கிறீர்களா? கல்யாணமே ஆகாத பணக்கார அத்தை, கிழவன் வேஷம் போட்ட சத்யராஜிடம் காதலில் விழுகிறாள். ஐம்பது தாண்டிய பொம்பளைக்கு வெட்கம் வந்தால் எப்படி இருக்கும்? சேலை முந்தியைக் கடிக்கிறது, தலையைக் கோதிவிடுகிறது. கொஞ்சம் பிசகினால் அசிங்கம். ஆச்சியிடம் அது பிசகவே இல்லை. சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்காகப் பாவப்படவும் வைத்தார். அடுத்த வருஷமே அதே பி.வாசுவின் ‘சின்னத் தம்பி’யில் பிரபுவின் அம்மாவாக வந்து கொட்டகையையே விம்ம வைத்தார். பார்த்திபனின் ‘புதிய பாதை’க்கு (1989) தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ. ஆயிரம் படம் தாண்டியதற்குக் கின்னஸ் புத்தகம். அறுபதை நெருங்கும் வயதில் ஏ.ஆர்.ரகுமானுக்குப் பாட்டு, ‘மே மாதம்’ படத்தில்.

ஒரு குறை சொல்லாமல் விட்டால் நான் நேர்மையான ரசிகை இல்லை. பின்னாளில் பல டைரக்டர்கள் ஆச்சியை அழுவதற்கென்றே வாடகைக்கு எடுத்தார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தச் சொன்னார்கள், அவரும் கத்தினார். ஒரு முனகலில் முடிக்கிற வித்தை கைவசம் இருந்த மனுஷியிடம் கூச்சலைக் கேட்டு வாங்கியது யார் குற்றம்? எழுதத் தெரியாதவர்கள் குற்றம்தான். அந்தப் படங்களைப் போட்டால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

2015 அக்டோபர் 10, ராத்திரி. ஆச்சி போய்விட்டார் என்று டிவியில் ஓடியது. எழுபத்தெட்டு வயது. மறுநாள் எங்கள் தெருவில் தீபாவளிச் சரக்கு லாரிகள் சிவகாசிப் பக்கமிருந்து போய்க்கொண்டே இருந்தன. அத்தைக்கு அப்போது காது சுத்தமாகப் போய்விட்டது. டிவியில் ரமாமணி காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சத்தம் கேட்காமலே அத்தை உதட்டைப் பார்த்து, சரியான இடத்தில், “நெசமாத்தான் சொல்றீகளா” என்றாள்.

பேரன் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆயிரத்துக்கு மேல் படமாம், எதிலிருந்து ஆரம்பிக்க என்று. ‘தில்லானா மோகனாம்பா’ளிலிருந்து ஆரம்பியுங்கள். ரமாமணி வருகிற இடத்தில் முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்; ரெண்டாம் தடவை பாருங்கள். அதே வாரத்தில் ‘பொம்மலாட்ட’த்தையும் பார்த்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.