காசு கொடாதவன் பேசலாமா? – ‘டியாப்லோ இம்மோட்டல்’ பற்றிய ஆட்டக்காரர் அபிப்பிராயங்களை முன்வைத்து

1

2022 யூன் 2ஆம் திகதி ‘டியாப்லோ இம்மோட்டல்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. நிலவறைகளுக்குள் இறங்கிப் பேய்களைக் கொன்று, அவை விட்டுச்செல்லும் ஆயுதங்களையும் கவசங்களையும் சேர்த்து மேலும் ஆழமான நிலவறைக்கு இறங்கும் வகையைச் சேர்ந்தது. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் விளையாடலாம். பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகில் உலாவலாம். இதைப் பெறுவதற்குக் காசு தேவையில்லை.

சில நாட்களுக்குள் தீர்ப்புகள் வந்தன. ‘மெற்றாகிரிட்டிக்’ தொகுத்த புள்ளிகளில் ஆட்டக்காரர்கள் பத்துக்கு ஒன்றைக்கூட வழங்கவில்லை. அதே இடத்தில் தொழில்முறை விமர்சகர்கள் அதைவிடப் பல மடங்கு தாராளமாக நடந்துகொண்டனர். சந்தையின் தீர்ப்போ வேறொன்றாக இருந்தது. வெளிவந்து இரண்டு மாதங்களுக்குள் வருமானம் பத்துக் கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியதாக மதிப்பிட்டார்கள். இவ்வளவு தூற்றப்பட்ட ஒரு பொருள் இவ்வளவு சம்பாதித்தது எப்படி?

இரவு வேலையில் என்னோடு நிற்கும் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியை ஒரு வசனத்தில் முடித்துவைத்தார்: “அங்கிள், சும்மா தாற சாமானை விளையாடிப்போட்டுப் பூச்சியம் போடுறாங்கள். ஒரு சதம் குடுக்காதவனுக்கு என்ன கதை?”

அன்று நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல. இலவசமாகப் பெற்றவனுக்கு விமர்சிக்கும் உரிமை உண்டா என்பது அவருடைய கேள்வி. அகதிகளுக்காக நடத்தப்படும் ஒரு சஞ்சிகையில் இதைவிட அவசியமான கேள்வி வேறு இருக்க முடியாது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

2

ஆட்டக்காரர் கோபத்தைப் புரிந்துகொள்ள அவர்களுடைய மரபைத் தெரிந்திருக்க வேண்டும். நமது பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் இத்துறைக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1980இல் வந்த ‘றோக்’ என்ற விளையாட்டில் நிலவறையும் அசுரர்களும் வெறும் எழுத்துக் குறிகளாகவே திரையில் தெரிந்தன. ஒவ்வொரு தடவையும் நிலவறை புதிதாக அமையும். செத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1996இன் இறுதியில் பிளிசாட் நிறுவனம் வெளியிட்ட முதலாவது ‘டியாப்லோ’ இந்த வழியில் வந்ததே. திறிஸ்ற்றம் என்ற பாழடைந்த ஊர், அங்கே ஒரு தேவாலயம், அதன் கீழே பதினாறு தளங்கள். எந்தப் பேயிடமிருந்து எந்தப் பொருள் விழும் என்பது எவருக்கும் தெரியாது.

அதாவது, தற்செயல் இந்த வகையின் உயிர்நாடி. ஆட்டக்காரர் அதிர்ஷ்டத்தை எதிர்க்கிறார்கள் என்று சொல்பவர்கள் இவர்களது அபிப்பிராயங்களை வாசிக்காதவர்கள். அதிர்ஷ்டம் வேண்டித்தான் இவர்கள் இருபத்தைந்து வருடம் நிலவறைக்குள் இறங்கினார்கள். ஆனால் பழைய டியாப்லோவில் கடையில் ஒருமுறை விலை கொடுத்தால் போதும். அதன்பின் தரகு வேலைக்காரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் ஒரே பகடைதான்.

அந்தப் பகடை முதன்முதலில் 2012இல் வந்த ‘டியாப்லோ 3’இல் கைமாறியது. ஆட்டக்காரர் தமக்குக் கிடைத்த பொருட்களை உண்மையான காசுக்கு விற்கவும் வாங்கவும் ஓர் ஏலக்கடை அதனுள்ளே திறக்கப்பட்டது. பேயைக் கொல்வதைவிடக் கடையைப் பார்ப்பதே இலாபம் என்றாகியது. ஆட்டக்காரர் ஓயாமல் முறையிட்டனர். 2014 மார்ச் 18இல் நிறுவனம் அந்தக் கடையை மூடியது. அபிப்பிராயங்களால் எதுவும் ஆகாது என்போர் இந்தத் திகதியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

3

இம்மோட்டல் பிளிசாட்டும் சீனாவின் நெற்ஈஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. கதையை முடிக்க ஒரு சதமும் செலவழிக்க வேண்டியதில்லை, இது உண்மை. சண்டை விரல்களுக்கு இதமாக, நேர்த்தியாக அமைக்கப்பட்டுள்ளது, இதுவும் உண்மை. பிரச்சினை கதை முடிந்த பின்னர் தொடங்குகிறது.

பாத்திரத்தின் பலம் பெரும்பகுதியும் மணிகளில் தங்கியிருக்கிறது. மிக அரிய மணி ஐந்து நட்சத்திரம் கொண்டது. அது கிடைக்க வாய்ப்புள்ள சிறப்பு நிலவறைக்குள் போக ஒரு முத்திரை வேண்டும். உயர்ந்த முத்திரைகள் சும்மா ஆடுபவனுக்கு மாதத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே கிடைக்கும். காசு கொடுப்பவனுக்குக் கணக்கில்லை. ஆனால் அவன் வாங்குவதும் மணியை அல்ல, மணி விழக்கூடிய வாய்ப்பை. கிடைத்த மணியை உயர்த்துவதற்கு மேலும் மணிகள் வேண்டும். ஒரு பாத்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டொலர் வரை செல்லக்கூடும் என்று ஆட்டக்காரர் சிலர் கணக்கிட்டனர். அந்தக் கணக்கின் முறை பற்றி வேறு ஆட்டக்காரர் சர்ச்சை செய்தனர். நியூசிலாந்தைச் சேர்ந்த ஒளிபரப்பாளர் ஒருவர் தம் நாட்டுக் காசில் ஏறத்தாழ இருபத்தையாயிரம் டொலர் செலவழித்து, பார்வையாளர் முன்னிலையில் ஒரேயொரு உச்ச மணியைப் பெற்று, அதை அங்கேயே அழித்துவிட்டு விளையாட்டையும் நீக்கிவிட்டார். இதுவும் ஒரு விமர்சனமே. ஆனால் செலவு அதிகமான விமர்சனம்.

4

இனி ஆட்டக்காரர் அபிப்பிராயங்களுக்கு வருவோம். அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வசை. பூச்சியம் கொடுத்துவிட்டுப் ‘பேராசை’ என்ற ஒரு சொல்லோடு போய்விடுபவர்கள். இவர்களில் பலர் 2018 நொவம்பரில் இந்த விளையாட்டு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கோபத்தோடு இருந்தவர்கள். கணினிக்குப் புதிய டியாப்லோவை எதிர்பார்த்துக் காசு கட்டி மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கைத்தொலைபேசி விளையாட்டு காட்டப்பட்டது. முறுமுறுத்தவர்களைப் பார்த்து, உங்களிடம் போன் இல்லையா என்று மேடையிலிருந்தவர் கேட்டதும் அந்தக் காயம் ஆறவில்லை. விளையாட்டு வருமுன்னரே எழுதப்பட்ட தீர்ப்பு இது. சண்டையின் நேர்த்தியைச் சொல்ல மறுக்கும் பூச்சியம் நேர்மையான புள்ளி அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘சீனக்காரன் கெடுத்துவிட்டான்’ என்ற குரல் இவற்றில் அடிக்கடி ஒலித்தது. ஏலக்கடையை 2012இல் திறந்தது கலிபோர்னியாவின் அமெரிக்க நிறுவனமே. ஒரு நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தால் அகதி கெடுத்தான் என்று சொல்லும் பழக்கத்தின் உறவுக்காரக் குரல் இது, நமக்குப் பரிச்சயமானது.

இரண்டாவது, திருப்தி. ‘நான் ஒன்றும் செலவழிக்கவில்லை, நல்லாய்த்தான் இருக்கிறது, பிடிக்காவிட்டால் விலகிப் போங்கள்’ என்பவர்கள். என் தம்பி இந்தக் கட்சி. இவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தங்கள் அனுபவத்தை முழு அமைப்புக்கும் நற்சான்றாக நீட்டுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் தனக்குச் செரித்தது என்பதற்காகச் சமையலறையைப் பார்க்கத் தேவையில்லை என்பது போன்றது இது.

மூன்றாவது, கணக்கு. முத்திரை எத்தனை, வாய்ப்பு எத்தனை வீதம், நாளுக்கு எத்தனை மணித்தியாலம், நிலவறை முடிந்த கையோடு ‘பல மடங்கு பெறுமதி’ என்று ஏன் ஒரு பொதி விற்பனைக்கு எழும்புகிறது என்றெல்லாம் வரிவரியாக எழுதியவர்கள். இவர்களைத்தான் நான் விமர்சகர் என்பேன். கைலாசபதியும் சிவத்தம்பியும் ஒரு படைப்பு எந்தச் சமூக உறவுகளிலிருந்து எழுகிறது, யாருக்காக ஆக்கப்படுகிறது என்று கேட்க நமக்குக் கற்றுத்தந்தனர். அவர்களை வாசித்திராத இந்த இளைஞர்கள் அதே கேள்வியை விளையாட்டிடம் கேட்டிருக்கிறார்கள். தொழில்முறை விமர்சகர் பலர் கேட்கத் தவறியதும் இதுவே. அவர்கள் முதற் சில நாட்களின் விளையாட்டை மதிப்பிட்டார்கள். சமநிலை குலைவதோ மாதக்கணக்கில் ஆடுபவனுக்கே தெரியும்.

‘தொடர்கதையும் இதைத்தானே செய்தது?’ என்று ஒருவர் கேட்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாரந்தோறும் எழுதியபோதும், ஆவலான இடத்தில் நிறுத்தி அடுத்த இதழை வாங்கவைத்தார். உண்மை. ஆனால் வாசகர் எல்லோரும் ஒரே விலைக்கு ஒரே இதழை வாங்கினார்கள். எல்லோருமே ஒரு வாரம் காத்திருந்தார்கள். பணக்கார வாசகனுக்கு மட்டும் வந்தியத்தேவன் ஒரு வாரம் முந்தி ஓடவில்லை.

5

ஆட்டக்காரர் தமக்குள் பயன்படுத்தும் ஒரு சொல் என்னை நிறுத்தியது. ஒரே நிலவறைக்குள் திரும்பத் திரும்ப இறங்குவதை அவர்கள் ‘அரைத்தல்’ என்கிறார்கள். ஆலைச் சொல். அன்றாடம் முடிக்க வேண்டிய பணிகள், தவறாமல் வருவோருக்கு வெகுமதி, வராவிட்டால் குழுவினர் முன் குற்றவுணர்வு. இந்த அபிப்பிராயங்களை அடுக்கி வாசித்தபோது ஒரு கலைப்பொருளைப் பற்றிய கருத்துகளாக அல்லாமல், வேலைத்தலத்தைப் பற்றித் தொழிலாளர் சொல்லும் முறைப்பாடுகளாகவே எனக்குப் பட்டன. இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவுதானா? பக்கத்தில் நிற்பவனுக்கு ஏன் அதிகம்? விதியை ஏன் இடையில் மாற்றினாய்?

இங்கேதான் தம்பியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. காசு கொடுப்பவன் ஒரு லட்சம் டொலர் பலத்தை வைத்துக்கொண்டு வெறும் நிலவறையில் என்ன செய்வான்? அவன் தோற்கடிக்க ஆள் வேண்டும். அவனைப் பார்த்து வியக்க ஆள் வேண்டும். குழு அமைக்க ஆள் வேண்டும். சும்மா ஆடுபவர்களே அந்த ஆட்கள். அவர்கள் இல்லாவிட்டால் விற்பதற்கு அங்கே பெருமை இல்லை. ஆகவே அவர்கள் இலவசமாகப் பெற்றவர்கள் அல்லர். தங்கள் நேரத்தையும் இருப்பையும் கொடுத்து விளையாட்டை நிரப்பியவர்கள். விலை கொடுத்தவனுக்குப் பேச உரிமை உண்டு என்பதே வாதமானால், அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

தொழிற்சாலைக்கும் இதற்கும் ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. எமக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வரும். ஆட்டக்காரனுக்கு வருவது இன்னொரு வாய்ப்பு. வள்ளுவர் சூது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தோல்வியை அல்ல, வெற்றியைத்தான் மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார். முதல் நாளில் சும்மா விழும் நல்ல வாளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் இல்லை.

சட்டம் இதைக் காண்பதில் பின்தங்கியே நிற்கிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் காசுக்கு விற்கப்படும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூது என்றது. அங்கேயும் நெதர்லாந்திலும் இம்மோட்டல் வெளியிடப்படவில்லை. பிரித்தானிய அரசோ 2022 யூலையில் இவற்றைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவர மறுத்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்மேல் 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் றமி, போக்கர் போன்ற பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையே சுற்றி நின்றன. பணம் வெல்லக்கூடியவனைப் பற்றியே சட்டங்கள் பெரும்பாலும் கவலைப்படுகின்றன. பணத்தைப் போட்டுப் பணம் வெல்லவே முடியாதவனுக்குப் பாதுகாப்புக் குறைவு!

ஆட்டக்காரரைக் கேட்டு நடப்பதும் சாத்தியமே. ஒன்ராறியோவின் லண்டன் நகரில் ‘டிஜிற்றல் எக்ஸ்ற்றீம்ஸ்’ நிறுவனம் உருவாக்கிய ‘வோர்ப்ரேம்’ என்ற இலவச விளையாட்டில், வளர்ப்புப் பிராணியின் நிறத்தை அதிர்ஷ்டப்படி மாற்றச் சிறு தொகை அறவிட்டார்கள். ஒருவர் ஏறத்தாழ இருநூறு தடவை அதை அழுத்தியதைக் கண்டதும், சூது இயந்திரம் செய்துவிட்டோமே என்று தாங்களே அதை அகற்றினார்கள். இலவசம் என்பதே குற்றம் அல்ல. எதை விற்கிறோம் என்பதில் நேர்மை வேண்டும்.

6

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டார்கள். 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 பேர் வந்தார்கள். அந்த நாட்களிலிருந்து இன்றுவரை எமக்குச் சொல்லப்படும் புத்திமதி ஒன்றே: சும்மா இடம் தந்திருக்கிறார்கள், குறை சொல்லாதே. வெள்ளையர் சொன்னதைவிட நாமே நமக்குச் சொன்னது அதிகம். லோறன்ஸ் கிழக்கு பஸ்ஸில் விடியற்காலை நின்றுகொண்டு போகும் சனத்தைப் பார்க்கும் எவரும், இந்த நகரம் எமக்குத் தந்தது எவ்வளவு, நாம் நிரப்பியது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். நன்றி வேறு, வாய்ப்பூட்டு வேறு. நன்றியுள்ளவனே அக்கறையோடு குறை சொல்வான்.

தமிழ்க்கடை வாசலில் அடுக்கியிருக்கும் இலவசப் பத்திரிகைகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். வீடு விற்பவரின் விளம்பரம் செலவைத் தாங்குகிறது. வாசகன் எண்ணிக்கையாக நிற்கிறான். ஆசிரியருக்கு ஒரு கடிதம்கூட அவன் எழுதுவதில்லை. காசு கொடுக்காததால் உரிமை இல்லை என்று நினைக்கிறான். பூச்சியம் போட்ட அந்த இளைஞர்கள் அவனைவிட ஒரு படி மேல்.

அவர்களிடம் நான் கேட்பது, பூச்சியத்தோடு நிற்காமல் கணக்கையும் எழுதுங்கள் என்பதே. என் தம்பியிடமும் இதைச் சொன்னேன். “நீங்கள் சொல்லுறது சரிதான் அங்கிள், ஆனால் விளையாட்டு நல்லது” என்றார். அந்த ‘நல்லது’ என்ன என்பதை அவரே எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எழுதித் தந்தால், என்னை மறுத்து எழுதினாலும், ஆசிரியர் குழு அதை அடுத்த இதழில் வெளியிட வேண்டும்.