ஆ கியூவின் வெற்றியும் லூ சுன்னின் தோல்விகளும்

மனத்தை மாற்றிக்கொண்டால் வாழ்க்கை தானே மாறிவிடும் என்ற உபதேசம் இன்று புத்தகக் கடைகளிலும் மேடைகளிலும் மலிந்து கிடக்கிறது. பரீட்சையில் இருமுறை தவறிய மாணவனுக்கும், வேலை தேடி அலுத்த பட்டதாரிக்கும், கடனில் மூழ்கிய கமக்காரனுக்கும் ஒரே மருந்துதான் கூறப்படுகிறது: தோல்வியைத் தோல்வியென எண்ணாதே. இவ்வுபதேசத்தை முற்றாக நம்புவதும் எளிது; முற்றாக எள்ளி நகையாடுவதும் எளிது. அதனை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டுமாயின், சீன எழுத்தாளர் லூ சுன் 1921 டிசெம்பர் தொடக்கம் 1922 பெப்ரவரி வரை பீக்கிங் பத்திரிகையொன்றின் அனுபந்தத்தில் ஒன்பது அத்தியாயங்களாக எழுதிய ‘ஆ கியூவின் உண்மைக் கதை’யை நாம் மீண்டும் படித்தல் தகும்.

ஆ கியூ ஒரு கிராமத்துக் கூலியாள். காணியில்லை, வீடில்லை, ஊர்த் தெய்வத்தின் கோயிலிலேதான் படுக்கை. அறுவடை செய்யவும் நெல்லுக் குற்றவும் படகு தள்ளவும் ஊரார் அவனை அழைப்பர். வேலை முடிந்ததும் மறந்துவிடுவர். தானும் சாவோ வம்சத்தவனே என்று வாய்தவறிச் சொன்னமைக்காகப் பெரிய மனிதர் சாவோவிடம் கன்னத்தில் அறை வாங்குகிறான். தெருவிலே அவன் தலை சுவரோடு மோதப்படுகிறது. ஆயினும் சிறிது நேரத்துக்குள் வெற்றி வீரனாகவே நடந்து செல்கிறான். தன்னை அடித்தவன் தனக்கு மகன் முறையானவன், தந்தையை மகன் அடிக்கும் கெட்ட காலம் இது என்று மனத்துக்குள் தீர்ப்பளித்துக்கொள்வதே அவன் உபாயம். சூதாட்டத்தில் வென்ற வெள்ளி நாணயங்கள் கலகத்திலே பறிபோன இரவில் இந்த உபாயமும் பலிக்கவில்லை. அப்போது தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைகிறான். அறைந்தவன் தான், அறைபட்டவன் வேறெவனோ என்று கொண்டு நிம்மதியாக உறங்குகிறான்.

மனமாற்றத்தின் சக்தியை இதைவிடப் பூரணமாகக் காட்டுதல் இயலாது. ஆ கியூவின் மனம் எந்தத் தோல்வியையும் வெற்றியாக்கும். ஆனால், அவன் வாழ்க்கையிலோ எதுவும் மாறுவதில்லை. சாவோவின் கை அடுத்த முறையும் ஓங்கும்; கூலி அவ்வளவே; கோயில் திண்ணையும் அதுவே. இந்த மனோபாவத்தால் நன்மை பெறுபவர் சாவோ ஒருவரே என்பதை லூ சுன் எங்கும் பிரசங்கம் செய்யவில்லை. கதையின் போக்கே அதனைச் சொல்கிறது.

இன்னொன்றையும் அவர் கூர்ந்து கண்டிருக்கிறார். மேலிருந்து விழுந்த அடியை மனத்தால் விழுங்கியவன் அதனைக் கீழே கக்குகிறான். வலியவரிடம் பட்ட அவமானத்தை ஆ கியூ வழியிற் சென்ற இளம் பிக்குணியிடம் தீர்த்துக்கொள்கிறான். தன் வேலையைப் பெற்றுக்கொண்ட இன்னோர் ஏழைக் கூலியோடு மயிரைப் பிடித்துச் சண்டையிடுகிறான். இருவரையும் பட்டினி போடுபவன் ஒருவனே என்ற எண்ணம் அவனுக்கு எழுவதேயில்லை. தன் தோல்வியைத் தோல்வியென ஏற்காதவனுக்குப் பிறன் தோல்வியில் தன் முகத்தைக் காணும் கண்ணும் இல்லாமற்போகிறது.

1911ஆம் ஆண்டுப் புரட்சி வருகிறது. பெரிய மனிதர்கள் நடுங்குவதைக் கண்டு ஆ கியூவும் புரட்சிக்காரனாக விரும்புகிறான். ஆனால், யப்பானுக்குச் சென்று படித்து வந்த ‘போலிப் பரங்கி’ அவனை விரட்டிவிடுகிறான்; புரட்சி பெரிய வீடுகளுக்குரியதாகிவிட்டது. செய்யாத கொள்ளைக்காக ஆ கியூ சிறைப்படுகிறான். எழுத்தறியாத அவனிடம் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் வரையச் சொல்கிறார்கள். அது வட்டமாக அமையவில்லையே என்பதுதான் அவன் வெட்கம்! கொலைக்களத்துக்குச் செல்லும் வழியிலே, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் கண்கள் முன்னொருநாள் மலையடியில் தன்னைத் தொடர்ந்த ஓநாயின் கண்களை நினைவூட்ட, முதன் முறையாக அவன் உண்மையைக் காண்கிறான். அபயக் குரல் எழுப்ப நினைக்கிறான், குரல் வரவில்லை. அதுவரை நம்மைச் சிரிக்கவைத்த நடை அவ்விடத்திற் சட்டென இறுகுகிறது. அந்தக் கூட்டத்தில் நாமும் நின்று சிரித்தோமே என்ற உணர்வைத் தந்துவிடுவதில்தான் இக்கதையின் கலை வெற்றி இருக்கிறது.

அவ்வாறாயின் மனமாற்றம் வெறும் மயக்கந்தானா? இவ்வினாவுக்கு லூ சுன்னின் வாழ்வே விடை தருகிறது. யப்பானில் மருத்துவக் கல்வியை 1906இல் கைவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர் அவர். 1907இல் ‘புது வாழ்வு’ என்ற சஞ்சிகைக்குத் திட்டமிட்டார். எழுத வந்தவர்களும் பணம் தருவதாயிருந்தவரும் விலகிவிட, அது பிறக்கவேயில்லை. 1909இல் தம்பியோடு சேர்ந்து வெளியிட்ட அந்நிய நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு, ரோக்கியோவில் ஏறத்தாழ இருபது பிரதிகளே விற்பனையாயிற்று. பின்னர் பீக்கிங்கிலே அரசாங்க உத்தியோகம். இரவுகளில் பழங்காலக் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் தனிமை.

அவ்வேளையில் நண்பர் சியான் சுவான்துங் எழுதுமாறு வற்புறுத்தினார். உடைக்க முடியாத, ஜன்னலற்ற இரும்பு வீட்டினுள் உறங்கியே மூச்சடங்கப்போகும் மக்களிற் சிலரை எழுப்பி வேதனைப்படுத்துவதால் என்ன பயன் என்று லூ சுன் கேட்டார். சிலர் விழித்துவிட்டால் வீட்டை உடைக்கும் நம்பிக்கை அறவேயில்லை என எப்படிக் கூறலாம் என்று நண்பர் திருப்பிக் கேட்டார். நம்பிக்கை எதிர்காலத்துக்குரியது, அது இல்லையென்பதற்குத் தம்மிடம் நிரூபணம் எதுவுமில்லை என்பதை லூ சுன் ஒப்புக்கொண்டார். அவருடைய மனமாற்றம் அவ்வளவே. 1918 மே மாதம் ‘புதிய இளைஞர்’ சஞ்சிகையில் ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ வெளிவந்தது. முதற் கதைத் தொகுதிக்கு அவர் இட்ட பெயர் கூக்குரல் எனப் பொருள்படுவது. ஆ கியூவின் தொண்டையில் எழாதுபோன குரலே அது என நாம் கொள்ளலாம்.

இம்மாற்றம் ஒருமுறையோடு நின்றதுமில்லை. இளைஞர் என்றும் முதியோரினும் மேலானவரே என்று அவர் நம்பியிருந்தார். 1927 ஏப்பிரிலில் கன்ரன் நகரில் இடதுசாரிகள் வேட்டையாடப்பட்டபோது, இளைஞரே இளைஞரைக் காட்டிக்கொடுத்தமை அந்நம்பிக்கையைத் தகர்த்தது. கைதான மாணவரை மீட்க முயன்று முடியாமற்போகவே, பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். 1928இல் ஆ கியூவின் காலம் முடிந்துவிட்டதென முற்போக்கு இளைஞர் சிலரே அவரைத் தாக்கினர். அத்தீர்ப்பு அவசரமானது, புரட்சி வந்ததால் மட்டும் ஆ கியூ மறைந்துவிடுவதில்லை என்பது கதையிலேயே இருக்கிறது. எனினும் லூ சுன் அவர்களோடு வாதிட்டவாறே மார்க்சீயக் கலைக் கோட்பாட்டைக் கற்றார், பிளெகானவை மொழிபெயர்த்தார், 1930இல் ஷங்காயில் இடதுசாரி எழுத்தாளர் சங்கத்தை அமைத்தவர்களுள் ஒருவரானார். தம்மைத் தாக்கியோரிற் சிலரும் அச்சங்கத்தில் அவருடன் இருந்தனர்.

ஆ கியூ தோல்வியின் பெயரை மாற்றினான். லூ சுன் தோல்வியைப் பெயர் சொல்லி அழைத்தார். ஆ கியூ தன் மனத்துள்ளே தனியாக வென்றான். லூ சுன்னின் மாற்றமோ ஒரு நண்பரின் கேள்வியில் தொடங்கி, எழுத்தாக, சஞ்சிகையாக, சங்கமாக வெளியே வந்தது. மனம் மாறியதற்குச் சான்று மறுநாட் செயலிலன்றி வேறெங்கே கிடைக்கும்?

தவறிய மாணவனிடம், நீ தோற்கவில்லை என்று கூறும் ஆசிரியர் அவனுக்கு ஆ கியூவின் உறக்கத்தையே தருகிறார். எதிலே தோற்றாய், ஏன் தோற்றாய், அதில் உன் பங்கெவ்வளவு, ஆய்வுகூடமும் ஆசிரியருமில்லாத பாடசாலையின் பங்கெவ்வளவு, உன்னைப்போல் இன்னும் எத்தனை பேர் என்று அவனோடு அமர்ந்து கணக்கிடும் ஆசிரியரே அவனை விழிக்கச் செய்கிறார். அக்கணக்கு கசப்பானதுதான். ஆயினும் அதனை முடித்தெழும் மாணவன், பக்கத்து வாங்கில் இருப்பவனைப் போட்டியாளனாக அன்றித் தோழனாகக் காணக்கூடும்.