ஆஷாவின் நோட்டு

மூலை மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த நோட்டு அது. ஊரில் எந்த வீட்டுக் குழந்தைக்கு எப்போது ஊசி என்பது அதற்குத்தான் தெரியும்.

2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டம், சுமார் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் 'ஆஷா' பணியாளர்களை அமர்த்தியது. வெளியூர் ஆள் அல்ல, அதே ஊரில் குடியிருக்கும் பெண்.

தடுப்பூசி நாளுக்கு முன்பு அவர் பட்டியல் எழுதுவதைப் பார்க்க வேண்டும். பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், அதன்பின் 9 மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அந்த நீண்ட இடைவெளியில்தான் பிள்ளைகள் நழுவுவார்கள். குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருக்கும். தாய் பிறந்த வீட்டில் இருப்பாள். பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு குறிப்பு: 'அறுப்புக்கு வருவாங்க.' கணினிக்கு அந்தக் குழந்தை விடுபட்டது; நோட்டுக்கு இன்னும் வர வேண்டியது.

"போன தடவை காய்ச்சல் வந்துச்சேக்கா" என்று தயங்குகிறவளிடம், "எம் புள்ளைக்கும் வந்துச்சு, ரெண்டு நாள்ல சரியாப்போச்சு. நீ வா, நான் கூட இருக்கேன்" என்பார். எந்தச் சுவரொட்டிக்கும் இந்தக் குரல் வராது.

2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷாக்களுக்கு விருது தந்து கௌரவித்தது. அவர்கள் கைக்கு வருவதோ இன்றும் பெரும்பாலும் ஊக்கத்தொகைதான், சம்பளம் அல்ல.