படகு நேரமும் விளம்பரக் காசும்

தனியாளாகச் செயலி செய்து விற்கலாம் என்ற வழியை யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு இன்று பலரும் காட்டுகிறார்கள். யாழ் ஐ.டி. ஹப் 2012இல் ஆரம்பித்த யாழ் கீக் சலஞ்ச் போட்டி அந்தக் கனவுக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தது. கனவில் பிழையில்லை. முதல் என்று பார்த்தால் ஒரு மடிக்கணினியும், கூகிள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரேயொரு தடவை கட்டும் 25 டொலரும்தான். ஊர்காவற்றுறைப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே கடையில் சரக்கு வைக்கலாம். ஊரை விட்டுப் போகாமல் உழைக்க ஒரு வழி கிடைப்பது, வீடுகள் பூட்டிக் கிடக்கும் யாழ்ப்பாணத் தீவகத்துக்குச் சின்ன விசயமில்லை.

ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கப்படும் சந்தைப்படுத்தல் முறை தீவுகளுக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். செயலியை இலவசமாகக் கொடு, பதிவிறக்கத்தைக் கூட்டு, விளம்பரத்தில் சம்பாதி என்பது அந்த முறை.

நெடுந்தீவுக்குப் படகு நேரம் சொல்லும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருபவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். குமுதினிப் படகு ஓடுகிறதா, வடதாரகைப் படகு பழுதா, சோளகக் காற்று கடுமையாக அடித்துச் சேவையை நிறுத்திவிட்டார்களா? இது தெரியாமல் புறப்பட்டால் ஒரு நாள் வீண். கிளினிக்குக்குப் போய்வரும் வயோதிபருக்கு அதைவிடப் பெரிய நட்டம். இறங்குதுறையில் நிற்கும் யாரோ ஒருவருக்குக் கோல் எடுத்துக் கேட்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. தீவில் பிறந்தவன் இந்தச் செயலியைச் செய்தால், ஒரு மணி நேரக் கடற்பயணத்தில் சிக்னல் அறுந்து போகலாம் என்பதை யாரும் சொல்லாமலே யோசித்திருப்பான். கடைசியாக வந்த தகவலைத் தொலைபேசியிலேயே சேமித்து, அது எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் பெரிய எழுத்தில் காட்டுவான். விலை குறைந்த அண்ட்ராய்ட் தொலைபேசியிலும் திறக்கும்படி பாரமில்லாமல் செய்வான். பெரிய நிறுவனம் எதுவும் நெடுந்தீவுக்காக இவ்வளவு மினக்கெடாது. தனியாள் முயற்சியின் முழுப் பலமும் இந்த அக்கறையில்தான் இருக்கிறது.

இனிக் காசைப் பார்ப்போம். விளம்பரத்தைப் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே கூகிளின் விளம்பரச் சேவையான அட்மொப் கொடுக்கும் தொகை அமையும். கனடாவில் பார்த்தால் கிடைப்பதில் சிறு பங்குதான் இலங்கையில் பார்த்தால் கிடைக்கும். அதுவும் 100 டொலர் சேர்ந்த பிறகே கைக்கு வரும். நெடுந்தீவில் இருப்பதோ சில ஆயிரம் பேர். ஆகவே செய்தவனுடைய கண் மெல்ல ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் திரும்புகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல், ஊர்ப் பழைய படங்கள் என்று செயலி வளரும். புலம்பெயர்ந்தவர்களின் ஊர் ஏக்கம் உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தேர்த் திருவிழா விளம்பரத்துக்குக் கீழே மூன்று நாளைக்கு முந்திய படகு நேரம் அப்படியே கிடந்தால், அதை நம்பி வந்து இறங்குதுறையில் நிற்பது தீவுச் சனம்தான். இதை ஒரு தனிமனிதனின் பேராசை என்று சொல்லமாட்டேன். காசு வரும் திசை ஒன்று, தேவை இருக்கும் திசை வேறு. அப்படியானால் எந்த நல்ல பிள்ளையும் காசுப் பக்கம்தான் இழுபடுவான்.

2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்குக் கூகிள் ஒரு நிபந்தனை வைத்தது. செயலியை வெளியிடுமுன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். பிறகு அதை 12 பேராகக் குறைத்தது. இதைத் தொல்லை என்று நினைத்து, முகம் தெரியாதவர்களைக் காசுக்குப் பிடித்துக் கணக்குக் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. ஆனால் தீவில் இருப்பவனுக்கு இந்த நிபந்தனையைவிட நல்ல சந்தைப்படுத்தல் வாய்க்காது. நாளாந்தம் கடல் கடக்கும் ஆசிரியை, மீன் ஏற்றுபவர், தாதி, கடைக்குச் சாமான் கொண்டுபோகும் முதலாளி என்று 12 பேரைப் பிடித்தால், இரண்டு கிழமையில் பிழைகளும் தெரிந்துவிடும், கதையும் தீவு முழுக்கப் பரவிவிடும். விளம்பரத்துக்கு ஒரு சதமும் தேவையில்லை.

பெரிய குறை பராமரிப்பில் இருக்கிறது. அண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்ப மாற்றப்படாத செயலிகளைக் கூகிள் புதிய தொலைபேசிகளுக்குக் காட்டாமல் விட்டுவிடும். செய்தவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தாலோ விசா வந்தாலோ செயலியின் கதை முடிந்தது. இதற்கு மாறாக, மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் வெளியிட்ட செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி சாதாரணக் கைத்தொலைபேசியில் தொடங்கி ஐபோன், அண்ட்ராய்ட் என்று தொடர்ந்து வந்திருக்கிறது. அவருடைய எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளிலேயே இருக்கின்றன. செல்லினத்தின் வருமானத்தை மட்டும் நம்பி அவர் நின்றதில்லை. பதிவிறக்கத்தை எண்ணும் பயிற்சி வகுப்புகளில் இந்த உண்மையைச் சொல்ல வேண்டும்.

பாடசாலைக் கட்டடத்துக்கும் கோயில் திருப்பணிக்கும் காசு அனுப்பும் ஊர்ச் சங்கங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. படகுச் செயலிக்கு அவர்களிடம் கேட்க வேண்டியது விளம்பரம் பார்க்கும் கண்களை அல்ல, வருடச் செலவை. நிரல் குறைந்தது இரண்டு பேரின் கையில் இருக்க வேண்டும். காலையில் குறிகட்டுவானில் நின்று, சேவை இல்லை என்றால் உடனே அதைப் பதிபவர் ஒருவரும் வேண்டும். அவருக்குக் காசு கொடுப்பது பிரதேச சபையா சங்கமா என்று முடிவாகும்வரை அந்தச் செயலியை வெளியிடக் கூடாது.