மஞ்சளுக்கு அடியில் இளஞ்சிவப்பு

அடர்நிறம் அடியில் இருப்பதை மூடிவிடும். வெள்ளையும் மஞ்சளும் அப்படியல்ல. மாடல் காரின் பாகங்களில் விளிம்புதோறும் நிறம் விலகி, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கருஞ்சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை தட்டும். அதனால் கை தேர்ந்தவர்கள் முதலில் இளஞ்சிவப்பு பூசுகிறார்கள். அதன் மேல் ஏறும் மஞ்சளில் என்ன ஒரு வெதுவெதுப்பு!

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பண்டார் தெங்காரா போன்ற ஊரில் ஈரக்காற்று இன்னொரு சோதனை. லேக்கர் வண்ணத்தின் கரைப்பான் ஆவியாகும்போது பாகம் குளிர்ந்து ஈரம் படியும். பளபளப்பு போய்ப் பால்போல் வெளிறிவிடும். மழை இல்லாத, வெயில் ஏறிய முற்பகலே நல்லது. முதல் பூச்சில் அடிநிறம் தெரியட்டும். மெல்லிய பூச்சுகள் மூன்று நான்கு ஏறிய பிறகே நிறம் நிறையும். திட்டின்றி மஞ்சள் படிந்த ஒரு சிறு கார்க் கூரை, ஆயிரம் பாகமுள்ள சாம்பல் போர்க்கப்பலை விட உயர்ந்த வேலை என்பேன்.